பிசின் இறுகும் வரை

2023 டிசம்பர் 12, செவ்வாய். வழக்கம்போல் காலை ஏழு மணிக்குப் பலாலி விமானக் கொட்டகையில் கருவிகளை எண்ணினேன். சிறிய விமானமொன்றின் பைபர்கிளாஸ் பலகையில் மூன்று துளைகள் தேய்ந்து, திருகாணிகள் பிடிக்காமல் சுழன்றன. மாலையில் அந்தத் துளைகளைப் பிசினால் அடைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது இறுகியிருந்தால்தான் துளையிட்டு, பலகையைப் பூட்டி, விமானம் பறக்கலாமென்று கையெழுத்திட்டு, ஒன்பது மணிக்குச் சாவகச்சேரியில் மனைவியின் கண் சத்திரசிகிச்சைக்குப் போய்ச்சேர முடியும். கையெழுத்திட வேறு ஆளில்லை.

“பெரிய ஆணியாப் போட்டு இறுக்கிப்போட்டுப் போங்கோவன், அண்ணை,” என்றார் விமானி.

“உது கோழிக்கூட்டுக் கதவே, தம்பி? நீர்தானே உதிலை பறக்கப்போறீர்!”

வெளியே மழை. ஈரக்குளிரில் பிசின் இறுகச் சுணங்கும் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, இறுக்கம் பார்ப்பதற்கென்று மிச்சப் பிசினை ஊற்றி வைத்திருந்த கோப்பையை நகத்தால் அழுத்தினேன். நகம் பதிந்தது.