ஒருவர் மட்டும் தொடவும்

என் கணினிப் பையில் ஒரு கடதாசி கிடக்கிறது. "ஒருவர் மட்டும் தொடவும்" என்று கொட்டை எழுத்தில் நானே அச்சடித்தது. ஒரு மூலை கிழிந்திருக்கிறது. கிழித்தவர், நெடுங்கேணிப் பக்கத்துக் காணிக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்த அக்கா. கணவரை இழந்தவர். கணவர் வெட்டிவிட்டுப் போன கிணற்றுத் தண்ணீரைத்தான் தினமும் போத்தலில் கொண்டுவருவார். கடைத் தண்ணீரை வாயில் வைக்கமாட்டார்.

அந்தக் கந்தோருக்கு நான் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். பெரிய தொடுதிரையில் காணிப் படம் விரியும். சனங்கள் விரலால் தொட்டு எல்லையைக் காட்டினால் பதிவாகும். கிளிநொச்சியில் நான் தனியே இருந்து தட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் அக்கா தொலைபேசியில், "பிள்ளை, உங்கட படம் ஆக்களைக் கண்டால் ஓடுது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்டபாட்டுக்கு எல்லோரும் கை வைக்கிறார்களாக்கும் என்று நினைத்து, இந்த அறிவித்தலை அச்சடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திரைக்கு மேலே அதை ஒட்டி முடிக்க, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வயதான கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவர்கள் வருவது அது மூன்றாவது தடவை. அன்றும் எல்லை பதியாவிட்டால் காணி அனுமதிப்பத்திரம் மறுபடி தள்ளிப்போகும். ஐயா தயங்கித் தயங்கி, எல்லைக் கிணறு என்று ஓரிடத்தில் விரல் வைத்தார். "கெணறு அங்க இல்லீங்க, இங்கன" என்று அம்மாவும் வைத்தார். படம் சட்டென்று தீப்பெட்டியளவு சுருங்கியது. "ஐயையோ, காணியே போயிருச்சு!" என்று ஐயா கையை உதறினார்.

பிழை என்னுடையதுதான். திரையில் எங்கே இரண்டு விரல் விழுந்தாலும், அவை ஒரே ஆளின் விரல்கள், படத்தைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ வைத்தவை என்றே எழுதியிருந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, ஒராள் மட்டும்" என்று அறிவித்தலைக் காட்டினேன். அந்த அம்மா விரலை மடக்கிக்கொண்டார். அக்கா எழுந்து வந்து கடதாசியைப் பிய்த்து என் கையில் தந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து காடு வெட்டின காணி. ஒராள் மட்டும் ஏன் தொடவேணும்? உங்கட கணினிக்குப் படிப்பியுங்கோ."

வெட்கமாய்ப் போய்விட்டது. அங்கேயே ஒரு கதிரையில் இருந்து, அப்படி எழுதியிருந்த விதிகளைத் தூக்கி எறிந்தேன். கிட்டக் கிட்ட விழும் விரல்கள் ஒரே ஆளுடையவை; தூரத்தில் விழும் விரல்கள் வேறு வேறு ஆட்களுடையவை; ஆளுக்கொரு நிறத்தில் புள்ளி. பின்னேரம் இருவரும் சேர்ந்து தொட்டார்கள். படம் அசையவில்லை. எல்லை பதிந்தது. அந்த அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

பிறகு அக்கா தன் காணியைத் திரையில் விரித்தார். வலக்கை விரலை வீட்டின் மேல் வைத்தார், இடக்கை விரலைக் கிணற்றின் மேல். சிவப்பாய் ஒரு புள்ளி, நீலமாய் ஒரு புள்ளி.

"இது நான். இது அவர்" என்றார்.

நான் கடதாசியைப் பைக்குள் ஒளித்தேன்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மென்பொருளும் எத்தனையோ தடவை மாறிவிட்டது. ஒரே ஆள் இரண்டு கைகளையும் வைத்தால் இரண்டு பேர் என்று எண்ணுவது பிழைதான். என்னோடு புதிதாய் வேலைக்கு வந்த பொடியன்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதை மட்டும் நான் திருத்தமாட்டேன்.