சுடுமணல் ஒத்தடம்

நாயாற்று மீனவர் குடியிருப்பில் யாருக்காவது கெளிற்று மீனின் முள் ஏறிவிட்டால், முதலில் மதலேனாவிடம்தான் ஓடி வருவார்கள். சட்டியில் மணலை வறுத்துச் சீலையில் முடிந்து, கடுப்பு இறங்கும்வரை ஒத்தடம் கொடுப்பாள். கைராசிக்காரி என்று பெயர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சண்டையில் இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து, கருவாடு காயவைத்து இரண்டு பெண்களைக் கரைசேர்த்தவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

அன்று விடியற்காலை, கடலை ஒட்டிய களப்பில் வலை இழுத்துவிட்டு வந்த அவளுடைய புருஷன் யாகப்புவின் வலது கை தொய்ந்து கிடந்தது.

"கெளிறு குத்திப்போட்டுது போல. கை விறைக்குது," என்றார்.

விரலில் ஒரு முள் குத்து இருந்தது. வலை இழுக்கிறவன் விரலில் அது எப்போதுதான் இல்லை? பேச்சும் கொஞ்சம் குழறியது. களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

"நோகுதே?" என்று கேட்டாள், சுடுமணலை வைத்து.

"இல்லை."

கைராசி வேலை செய்கிறது என்று உள்ளூரப் பெருமை. இன்னும் சூடாக்கி வைத்தாள். தோல் கொப்புளித்தது, அதற்கும் மனுஷன் முகம் சுளிக்கவில்லை. நோவு போய்விட்டதென்று படுக்கவைத்தாள். மத்தியானம் சோற்றுக்கு எழுப்பியபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டியாகி அடைத்திருந்தது. கை எப்போது விறைத்தது என்று இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி கேட்டாள். விடிய, என்றாள் மதலேனா. அந்தப் பிள்ளை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"கட்டியைக் கரைக்கிற ஊசி இப்ப இருக்கு அம்மா. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடவேணும்."

சிலருக்கு அதற்குப் பிறகும் மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கிறார்களாம். இவருக்கு அதுவும் சரிவராது, மூளையில் சேதம் கூடிவிட்டது என்றாள். போட்டால் கடலில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டிவருகிறது என்று பிறஷர் குளிசையை அவர் நிறுத்தியிருந்த கதையும் வெளியே வந்தது. டொக்டர் ஏசவில்லை. கொப்புளங்களுக்கு மருந்து போட்டாள். ஏசியிருந்தால் மதலேனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

இப்போது வீட்டில் குளிசையை அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். இன்னொரு அடைப்பு வராமல் அது தடுக்குமாம்.

போன கிழமை பக்கத்து மீன்வாடி அனிஸ்ரன், கெளிறு குத்திய கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மதலேனா சட்டியைத் தொடவில்லை. டொக்டர் பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி முதலில் சிரிக்கச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். பேரைச் சொல்லச் சொன்னாள். "என்ன மாமி, கலியாணத்துக்குப் பாக்கிறியளோ?" என்று பகிடி விட்டான். எல்லாம் சரியாக இருந்த பிறகே மணலை வறுத்தாள். சூடு பட்டதும் "அம்மா" என்று கத்தினான். அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவன் போனபின், ஆறிக்கொண்டிருந்த மணல் முடிச்சை எடுத்துப்போய்க் கதிரையில் இருந்த யாகப்புவின் வலது கையில், தழும்பின் மேல் வைத்தாள்.

"நோகுதே?"

யாகப்பு இல்லையென்று தலையாட்டினார்.