முகப்பில் போட்ட படம்

எங்கள் ஊருக்கு ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது எதற்கு என்றுதான் தெரியவில்லை. கோயில் தலைவர் திருவிழாவைக் காட்டச் சொன்னார். மீனவர் சங்கத்தார் இறால் விற்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, முடிவு வரும்வரை கிடக்கட்டும் என்று ஒரு படத்தையும் என் தொலைபேசி எண்ணையும் மட்டும் போட்டேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். படத்தில் அது நிறைந்த கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் கடும் காற்று. பாதையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். அக்கரையிலிருந்து யாரோ ஒருவர் போனில் அழைத்தார்.

“தங்கச்சி, நான் வெல்லாவெளிப் பக்கம். உங்கட வெப்சைட்டில பாதை ஓடுதெண்டு பார்த்துத்தான் அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டி வந்தன். இங்க ஒண்டையும் காணல்லியே?”

“ஐயோ அண்ணன், அது போன வருசப் படம்!”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது.

“சரி, பாலத்தால சுத்திப் போறம். ஓடாதெண்டு ஒரு வரி போட்டிருக்கலாமே தங்கச்சி.”

திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

படத்தை எடுத்துவிட்டு, ‘இன்று பாதை ஓடாது’ என்று எழுதினேன். இப்போது தினமும் காலையில் துறைக்குப் போய்ப் பார்த்துவந்து அந்த வரியை மாற்றுகிறேன்.

“இதுக்கா புள்ள வெப்சைட்?” என்று தலைவர் விடாமல் கேட்கிறார்.

பதில் யோசிக்க உட்கார்ந்தால் காற்று எழும்பிவிடுகிறது, துறைக்கு ஓடுகிறேன்.