கை பொறுக்கும் கறுப்பு

இரண்டு உள்ளங்கை அகலமுள்ள ஒரு தகரத் துண்டு. இடப்பாதி தார் பூசியது. வலப்பாதி நான் கலந்த கறுப்பு. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெயிலில் கையை வைத்தால்தான் தெரியும். ஊர் மாறிய ஒவ்வொரு முறையும் என் மனைவி இதைத் தன் புடவைகளுக்கு நடுவே வைத்து எடுத்துவந்தாள். இப்போது அது சென்னையில், எங்கள் பால்கனிச் சுவரின் மேல் கிடக்கிறது. அவள் மறைந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் போர்ட் பிளேயரில், பத்துபஸ்தியில் குடியிருந்தோம். இருவருமே தூத்துக்குடிக் கரைக்காரர்கள்; சென்னையில் கப்பலேறி வந்தவர்கள். உப்புக் காற்றில் எந்தப் பூச்சு எத்தனை மழை தாங்கும் என்று ஆராய்வது என் உத்தியோகம். அவள் அருகிலிருந்த சிறிய பிரசவ விடுதியின் சிஸ்டர். அந்த விடுதிக்குத் தகரக் கூரை. துரு பிடிக்காதிருக்க, மழை ஓயும் தை மாதந்தோறும் அதற்குத் தார் பூசுவார்கள். வெள்ளை அடிக்க வழியில்லை. விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருந்ததால், கூரை பளிச்சிட்டு விமானியின் கண்ணைக் கூசச் செய்யும் என்று தடுத்திருந்தார்கள். கோடையில் அந்தக் கூரையின் கீழ், பிறந்த குழந்தைகளின் உடம்பு நோய் ஏதுமில்லாமலே கொதித்தது. ஒரு சித்திரையில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அன்று அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: “ஏங்க, ஒங்க கெமிஸ்ட்ரியில கறுப்புன்னா தார் ஒண்ணுதானா?”

இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கூரையோடு சேர்த்து நினைத்துப் பார்க்கும் தேவை அதுவரை வரவில்லை. வெயிலின் வெம்மையில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஒளியாகவே வந்து சேர்கிறது. தார் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்தே விழுங்கும். குரோமிய ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் கடுஞ்சூட்டில் ஒன்றாகச் சுட்டால் கிடைக்கும் கருந்தூளோ, தெரிவதை மட்டும் விழுங்கிவிட்டுத் தெரியாததில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பீங்கான் மெருகுக்குப் பயன்படும் அந்தத் தூளை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தேன். அந்தக் கறுப்பு கசியவிடும் வெம்மையையும் திருப்பியனுப்ப, அதற்கு அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டியிருந்தது. என் மேலதிகாரியான வங்காள இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். “அரே பாய், பெஹ்லே சஃபேத், ஊப்பர் காலா? நஹா கே கீச்சட் மே?” முதலில் வெள்ளை, அதன்மேல் கறுப்பா, குளித்துவிட்டுப் போய்ச் சேற்றில் விழவா என்று கேட்டவர், சிரித்தபடியே அனுமதியும் கொடுத்தார். அந்தத் தையில் பழைய தாரைச் சுரண்டிவிட்டுக் கூரைக்கு இரண்டையும் பூசினோம்.

அடுத்த கோடையில் என் மனைவி விடுதிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரைத் தகரத்தின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தாள். குழந்தைகளைக் குளிப்பாட்டும் வெந்நீருக்கும், காய்ச்சிய பாலுக்கும் அவளுக்கு அந்தக் கைதான் அளவு. “கை பொறுக்குது” என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

மறு தை மாதம் தார் டிரம்மை உருட்டிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். வெளிறித் தூசு படிந்திருந்த என் கறுப்பு அவர்களுக்குப் பழைய தாராகவே பட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மூலையில் ஒரு வாளி ஊற்றியாகிவிட்டது. மேலே நின்ற மிஸ்திரி இராமநாதபுரத்துக்காரர். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பற்றிக் கீழே நின்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சாப், காலான்னா காலாதான். கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்கு நாங்க எதுக்கு சலாம் போடணும்?”

கூரை முழுவதும் சிரித்தது. அடுத்த வாளி நிரம்பியது. அப்போதுதான் என் மனைவி வெளியே வந்தாள். ஜன்னல் விளிம்பில் வெயிலில் கிடந்த இந்தத் தகரத்தை, நான் சோதனைக்குப் பூசியதை, முந்தானையால் பிடித்திருந்தாள்.

“மிஸ்திரி அண்ணே, எறங்கி வாங்க. ஹாத் ரக்கோ.”

அவர் விளையாட்டாகத்தான் கை வைத்தார். இடப்பாதியில் பட்டதும், “அடியாத்தீ!” என்று உதறினார். அவள் வலப்பாதியைக் காட்டினாள். தயங்கி வைத்தவர், கையை எடுக்கவே இல்லை. தகரத்தைப் பார்த்தார்; கூரையைப் பார்த்தார்.

“இது என்ன ஜாதூ, சிஸ்டர்?”

“ஜாதூ இல்ல, மந்திரமும் இல்ல. உள்ள மூணு பிள்ளைக தூங்குது. டிரம்மை உருட்டிட்டுப் போங்க.”

“ஏலே, உத்ரோ! எறங்குங்கலே!” என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார். ஊற்றிய தாரை அவர்களே சுரண்டி எடுத்தார்கள். அதன்பின் நாங்கள் தீவை விட்டு வரும்வரை, ஒவ்வொரு தையிலும் மிஸ்திரி புதிய ஆட்களோடு வாசலில் வந்து நிற்பார். “சிஸ்டர், அந்தத் தகரத்தைக் குடுங்க. இவனுக சூடு பட்டாத்தான் நம்புவானுக.”

இன்று அந்த வகைக் கறுப்புகள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. கூரை ஓட்டில் பூசுகிறார்கள்; அடர்நிற பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்கள் வெயிலில் வளையாதிருக்க அதையே கலக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு பெயிண்ட் கடை இளைஞர் அதன் சிறப்பை எனக்கு விளக்கினார்.

அவள் கல்லறைக்கு மகன் கறுப்புக் கருங்கல் பதித்திருக்கிறான். நேர்த்தியான கல். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நேற்று நண்பகலில் போயிருந்தேன். மெழுகுவத்தி நிற்காமல் வளைந்து சரிந்தது. கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தேன். உடனே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போனேன். தகரம் காலையிலிருந்து வெயிலில்தான் கிடந்தது. சிவந்திருந்த அதே கையை அதன் வலப்பாதியில் வைத்தேன். சூடுதான்.

கை பொறுக்கிறது.