சரி சொன்ன குளியலறை

இதை ஜோடிக்கும் அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. சிட்னியில் டிராம் கண்டக்டர் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

மிஸஸ் க்ரோகனின் விடுதியில் மாடிக்கு ஒரே குளியலறை. அந்த மாடியில் நான் நோரீனைக் காதலித்தேன். நோரீன் பெல்லமியைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பெல்லமி கண்ணாடியைக் காதலித்தார். கடையில் காலுறை விற்பவர். உடுத்துவது பட்டு அங்கி. இங்கிலாந்தில் ஒரு பிரபு அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணனாம்.

அன்று காலைச் சாப்பாட்டு மேசையில் நோரீன் அவருக்குப் பதில் சொல்வதாக இருந்தாள். நான் முந்தியாக வேண்டும்.

ஆறு பத்து. அவள் அறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. துண்டோடு ஓடினேன். குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம். தட்டினேன்.

“இதோ வந்துட்டேன், கண்ணு.”

எங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்காரி முதல் பாதிரியாரின் தங்கை வரை யாரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சந்தேகப்படவில்லை.

கதவிடுக்கில் குளிர் அடித்தது. வெந்நீர் என்றால் ஆவியல்லவா வர வேண்டும்...

“என்னைக் கட்டிக்கிறியா?”

தண்ணீர் நின்றது.

“சரி, கண்ணு.”

பின்னால் படியேறி வந்தாள் நோரீன். கையில் பால் புட்டி.

“யார்கிட்ட பேசிட்டிருக்க, மெர்வ்?”

“நீ... உள்ள...”

பெல்லமியும் வந்து சேர்ந்தார். “எங்க வம்சத்துல மண்டி போட்டுத்தான் கேப்போம் தம்பி. குழாய்கிட்ட இல்ல.”

தாழ் விலகியது.

தானாக.

உள்ளே யாருமில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது.

பிரபுவின் தம்பி அங்கியைப் படியில் விட்டுவிட்டுக் கீழே ஓடிக்கொண்டிருந்தார்.

“நோரீன், உன்னைத்தான் கேட்டேன்.”

“ஒருத்தி சரின்னுட்டா, மெர்வ். நான் நடுவுல வரமாட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. எனக்கு வலிக்கவும் இல்லை. பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரமே நோரீன் தனியாக வேறு விடுதிக்குப் போனாள். அடுத்து நானும் அறையைக் காலி செய்து பெட்டியோடு இறங்கினேன். மிஸஸ் க்ரோகன் டீ கலக்கிக்கொண்டிருந்தார்.

“அது ஐவி, தம்பி. இங்க குடியிருந்தவ. அந்தத் தொட்டியிலதான் செத்தா. யார் தட்டினாலும் ‘இதோ வந்துட்டேன்’னு சொல்வா. தொந்தரவு இல்ல.”

“என்கிட்ட சரின்னுச்சே?”

கரண்டி நின்றது.

“முன்னாடி ஒருத்தன்கிட்டயும் சொல்லிச்சு. ஹெகார்ட்டி. அவனும் காலி பண்ணிட்டு மெல்போர்ன் போயிட்டான்...”

“அப்புறம்?”

“அங்க ஒரு தொட்டியில கிடந்தான். காஞ்ச தொட்டி.”

“எப்படிச் செத்தான்?”

“மூழ்கின்னு எழுதினார் டாக்டர்.”