வீடு முழுக்கத் தெரியும் லென்ஸ்

என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து கொடுத்துவிட்ட கேமராவில் லென்ஸ் இல்லை. இதை இப்போது சொன்னால், டிஜிட்டல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூக்குக்கு மேல் கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பாறசாலையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். பக்கத்திலேயே எங்கள் பத்து சென்ட் நிலத்தில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அங்கே சம்பாதித்தார், நான் இங்கே கல்லுக்கும் மணலுக்கும் காவல் இருந்தேன். காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன எக்ஸ்ரே லேபுக்கு வேலைக்குப் போவேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அனங்காதீங்க" என்று நாள் முழுக்க ஊரார் நெஞ்சைப் படம் பிடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினால், பேச ஓர் ஆள் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷம். நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு மாதம் தேறாது.

கேமராவைக் கொண்டுவந்தது எங்கள் ரோட்டிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் அண்ணன். அவரும் அதே கம்பெனிதான், லீவுக்கு வந்திருந்தார். பெட்டியில் ஒரு நீலச் சேலை, இரண்டு சோப்பு, அதற்கடியில் கேமரா. கேமராவின் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திருகி எடுத்தால் உள்ளே வெறும் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு குட்டிக் கண்ணாடி. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பிள்ளே முறைக்கிற? ஒட்டின டேப்பைக்கூட நான் தொடல்ல. குடுத்தது போலக் கொண்டு வந்தேனாக்கும்," என்றார் அண்ணன்.

பாவம், அவரிடம் குற்றமில்லை. என் வீட்டுக்காரரிடமும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மாதிரிக் கேமராவுக்கு லென்ஸ் தனிப்பெட்டியில் வருமாம், தனியாகத்தான் வாங்க வேண்டுமாம். அது அவருக்குத் தெரியாது. கடைக்காரன் பெட்டியைக் கொடுத்தான், அவர் வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆண்கள் கடையில் போய் ஒன்று தெரியாது என்று சொல்வார்களா? தலை போனாலும் சொல்ல மாட்டார்கள்.

கூடவே ஒரு கடிதம் இருந்தது. நாலு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் வீடு. லின்டல் வார்த்தாயிற்றா, மணலில் மண் கலந்திருக்கிறதா, கொத்தனார் குடித்துவிட்டு வருகிறாரா. "வீட்டை ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து அனுப்பு. இங்கே ரூமில் எல்லாருக்கும் காட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தார். கடைசியில், "நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்." அந்த ஒரு வரிதான் எனக்கு. என் படம் ஒன்று அனுப்பு என்று எழுதுவார் என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித் திருப்பிப் பார்க்கிறவள்தான் நான்.

லென்ஸ் இல்லை என்று எழுதிப் போட்டேன். கடிதம் போகப் பதினைந்து நாள், வரப் பதினைந்து நாள். அதுவரை சாயங்காலங்களில் அந்தக் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பேன். கலங்கிய வெளிச்சம் மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது. பட்டனை அமுக்கினால் உள்ளே கண்ணாடி எழும்பி விழும், 'டக்'கென்று ஒரு சத்தம். சுவரைப் பார்த்து ஒரு டக். அடுப்பைப் பார்த்து ஒரு டக். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வீட்டில் நான் ஒன்று செய்தால் பதிலுக்குச் சத்தம் போட்டது அது ஒன்றுதான்.

பதில் வந்தது. "எந்த லென்ஸ் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது, வாங்கித் தருகிறேன்" என்று எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாறசாலை சந்திப்பில் உள்ள ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் கல்யாணம், ஞானஸ்நானம், இழவு எல்லாவற்றுக்கும் போகிற மனிதர். மலையாளமும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுவார். கேமராவைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அடிபொளி சாதனம் சேச்சி! இதுக்குச் சேருற லென்ஸு எங்கிட்ட ரெண்டு உண்டு. மாட்டிப் பாருங்க. பின்ன எது வேணும்னு எழுதினாப் போதும்."

முதலில் குட்டையான ஒன்றை மாட்டித் தந்தார். இருபத்தெட்டு எம்.எம். ஸ்டுடியோ படியில் நின்று கண்ணில் வைத்தேன். அம்மாடி! ஒரு மாதமாகக் கலங்கல் மட்டும் காட்டிய ஜன்னலில் சந்திப்பு மொத்தமும் வந்து நின்றது. ஆட்டோ ஸ்டாண்டு, வாழைக்குலை தொங்கும் கடை, களியக்காவிளை பஸ், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், எல்லாம் ஒரே சட்டத்துக்குள். ஆனால் எல்லாரும் எறும்பு மாதிரிச் சிறுத்துப் போனார்கள்.

அடுத்தது நீளமானது. நூற்றைந்து எம்.எம். அதை மாட்டியதும் சந்திப்பைக் காணோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மீன் விற்றுக்கொண்டிருந்த கடற்கரைக்காரியின் முகம் மட்டும் முழுசாக என் முன்னால் வந்துவிட்டது. மேலுதட்டில் வியர்வை. காது மடலில் கம்மல் இழுத்துக் கிழிந்த தழும்பு. கண்ணுக்குக் கீழே சுருக்கம். பின்னால் இருந்த கடை, ஆள், பஸ் எல்லாம் கரைந்துபோய், உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருப்பது போல இருந்தாள். ஒரு முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. என் முகத்தை அப்படி ஒருவர் பார்த்துத்தான் எத்தனை காலம் ஆயிற்று.

அவள் கண்டுவிட்டாள். "என்ன மக்கா, எனக்க மூஞ்சியையா படம் பிடிக்கிற? பிடிச்சு உனக்க மாப்பிளைக்கு அனுப்பிராத, அவன் பின்ன உன்னைத் தேட மாட்டான்!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். ஆட்டோக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போதே தேடுகிற மாதிரிதான் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "சேச்சிக்கு எதை எடுக்கணும்? வீடா, ஆளா? வீடுன்னா இந்த இருபத்தெட்டு. ஆளுன்னா மத்தது. அந்த நீளத்துல மூஞ்சி எடுத்தா யாரும் அழகாக்கும்."

லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேமராவைப் பையில் போட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு லென்ஸையும் பற்றி விவரமாக எழுதினேன். இருபத்தெட்டில் வீடு முழுசாக வரும், ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். நூற்றைந்தில் வீடு வராது, ஒரு முகம் மட்டும் நன்றாக வரும். "ஒன்று வாங்கினால் போதும். எது என்று அத்தானே முடிவு செய்யுங்கள்" என்று முடித்தேன். என் முகத்தைப் பார்க்க ஆசை இருந்தால் நீளமானதை வாங்கி அனுப்புங்கள் என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. கேட்டு வாங்குகிற ஆசை எனக்கு எதற்கு? அவராகவே செய்ய வேண்டும் என்ற திமிர். திமிர் என்றா சொன்னேன், கெஞ்சல்தான் அது.

பிறகு ஒன்றரை மாதம். லேபில் ஆட்களை மூச்சுப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்து, ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன். வேலை ஆட்களுக்குத் தேயிலை போடும்போதும் அதே நினைப்புதான். நூற்றைந்து வந்துவிட்டால் நீலச் சேலை உடுத்து, கொத்தனார் வார்த்த புதுப்படியில் உட்கார்ந்து, ஸ்டுடியோக்காரரையே அழைத்து எடுக்கச் சொல்ல வேண்டும் என்று தலைவாருவது வரைக்கும் தீர்மானம் செய்து வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வயசில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

லென்ஸ் வந்து சேர்ந்தது ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு. அங்கே லீவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். லேபுக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பெட்டியைத் துணியில் சுற்றித் தைத்திருந்தார்கள். தடவிப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக இருப்பதுபோலத்தான் பட்டது. பஸ்ஸில் பிரிக்கக் கூடாது என்று மனதைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பிளேடால் தையலை அறுத்தேன். நீளமெல்லாம் உள்ளே அடைத்திருந்த தெர்மோகோல். லென்ஸ் குட்டையானது. விளிம்பில் வெள்ளையாக 28 என்று எழுதியிருந்தது. கூட ஒரு துண்டுக் காகிதம்: "வீடு முழுசும் ஒரே படத்தில் வர வேண்டும். அதனால் இதையே வாங்கினேன்."

வீடு! நல்லா இருக்கட்டும் வீடு. கோபத்தில் அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. லென்ஸை மாட்டக்கூட மனசு வரவில்லை.

ஆனாலும் எடுக்கத்தான் செய்தேன். மேல்கூரை வார்த்து முட்டுப்பலகை எல்லாம் பிரித்த பிறகு, ஒரு ரோல் வாங்கிப் போட்டு, அவர் கேட்டபடி எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், அடுக்களை, கிணறு, சன்ஷேடு. முப்பத்தைந்து படம் வீட்டுக்குக் கொடுத்தேன். கடைசி ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டேன்.

நீலச் சேலையை உடுத்தேன். மீதிச் செங்கல்லை அடுக்கி அதன் மேல் கேமராவை வைத்தேன். பத்து வினாடி தந்து தானே எடுக்கும் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டு ஜல்லிக்கல் மேல் செருப்பில்லாமல் ஓடினேன்.

"மெல்ல ஓடு மோளே, வீடு எங்கேயும் போகாது," என்று கொத்தனார் சிரித்தார்.

கதவு வைக்காத முன்வாசலில் போய் நின்றேன். தலையைச் சரிசெய்து, செங்கல் மேல் இருந்த அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்துச் சிரித்தேன். என்னைப் பார்க்க அங்கே யாருமில்லை என்று தெரியும். அவர் பார்க்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். டக்.

படங்களைக் கழுவி வாங்கினேன். வீடு கம்பீரமாக விழுந்திருந்தது. நடுவில், வாசல் இருட்டுக்கு முன்னால், சுண்டுவிரல் நகத்தளவு நான். சேலையின் நீலம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவரே பார்த்து எடுத்த சேலை, அது போதும் என்று நினைத்தேன். ஒரு வரிகூட எழுதாமல் மற்றப் படங்களோடு சேர்த்து அனுப்பினேன்.

பதில் சீக்கிரமே வந்தது. இதுவரை வந்ததிலேயே சந்தோஷமான கடிதம். ரூமில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்களாம். வீட்டின் முழுப்படத்தைக் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். நான் இருக்கும் படம்தான் அது. தினமும் கண் விழிப்பதே அதில்தானாம். வாசிக்க வாசிக்க எனக்கு முகமெல்லாம் சூடாயிற்று. அடுத்த பக்கம் திருப்பினேன்.

"வடக்கு மூலையில் சன்ஷேடு கொஞ்சம் இறங்கியது போலத் தெரிகிறது, கொத்தனாரிடம் கேள். முன்வாசலில் ஒரு பெண் நிற்கிறாளே, வேலைக்கு வந்த ஆளா? இனி படம் எடுக்கும்போது ஆட்களை விலகி நிற்கச் சொல்."

நகத்தளவு உருவம், யாருக்குத்தான் அடையாளம் தெரியும் என்று அவருக்காக நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை மனசு. சன்ஷேடு விரல்கடை அளவு இறங்கியது தெரிகிறதல்லவா? அழுதேன். அடுக்களையில் உட்கார்ந்து, சத்தம் போட்டே அழுதேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலையில் புது ரோல் ஒன்று போட்டேன். அந்த இருபத்தெட்டை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனால் மூக்கு வீங்கிக் கோரமாகத் தெரியும், அப்படி எடுக்கவே கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். கேமராவை என் பக்கம் திருப்பி, கை நீளத்தில் பிடித்து, நேராகப் பார்த்து அமுக்கினேன். தலை வாரவில்லை, சேலை மாற்றவில்லை. படம் ஸ்டுடியோக்காரர் சொன்னது போலத்தான் வந்தது. பெரிய மூக்கு, வீங்கிய இமை, காகிதம் முழுக்க என் முகம். வீடு ஒரு ஓரத்தில்கூட இல்லை.

அதன் பின்பக்கம் எழுதி அனுப்பினேன்: "முன்வாசலில் நின்றது நானாக்கும். விலகி நிற்க எனக்கு வேறு இடமில்லை."