நகப்பூச்சும் ஒரு கூடை இறாலும்

அன்றைக்கு அத்தை அதைத் தெரியாமல் செய்தாளா, வேண்டுமென்றே செய்தாளா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. அத்தை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நேராகக் கேட்டுவிடலாம். பலமுறை வாய்வரை வந்து நின்றுவிட்டது. கேட்டால் சிரிப்பாள். அவள் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். சில விஷயங்கள் முன்பின்னாக இருக்கலாம். எழுதும்போதே எனக்குச் சந்தேகங்கள் வருகின்றன.

நைனாவின், அதாவது என் அப்பாவின், கடைசித் தங்கைதான் அத்தை. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும், தங்கச்சி என்னைவிடச் சின்னவள். அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாதான் அவளுடைய சொத்து. ரோஸ் பவுடர், மை டப்பா, ஒட்டுப்பொட்டு அட்டை, சிவப்பு நகப்பூச்சு எல்லாம் அதற்குள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே துணியில் சுற்றிய ஒரு லிப்ஸ்டிக். அது அடிவரைக்கும் தேய்ந்து போயிருந்தது. தீக்குச்சியால் அடியைச் சுரண்டி எடுத்து, கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவாள். அந்த நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது.

அத்தை எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று ஆகும். மிளகாய் அரைத்த கையைச் சரியாகக் கழுவாமல் ஒருநாள் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டாள். கண்ணும் மூக்கும் சிவந்து தெருவில் நின்றவளைப் பார்த்து, யாரோ ஒரு பையனுக்காக அழுகிறாள் என்று குப்பம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. இன்னொரு முறை கல்யாணத்துக்குக் கட்டவேண்டிய புடவையைத் துவைத்து, கருவாடு காயும் வலை மேலேயே விரித்துவிட்டாள். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலை கடைசிவரை காலியாகவே கிடந்தது. படகிலிருந்து இறங்கும்போது தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி, இடுப்பளவு சேற்றில் புதைந்ததும் உண்டு. "இவள மூக்கணாங்கயிறு போட்டுதான் கட்டணும்" என்பாள் அம்மா.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை தவறியதே இல்லை. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி சாப்பாடு பற்றித்தான். "துன்னியா?" என்பாள். எங்களை, தெருவில் போகிறவரை, மேயும் ஆட்டைக்கூடக் கேட்பாள். எங்கள் ஊரில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், விட்டுப்போன பழைய கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு இருக்கும். அந்தச் சுவரோர நிழலில் உட்கார்ந்துதான் அத்தை வீட்டுக்குத் தெரியாமல் லிப்ஸ்டிக் போடுவாள். ஒருநாள் எலும்புக்கூட்டின் விலாவைத் தட்டிச் சொன்னாள்: "பாத்தியா? வேளாவேளைக்குத் துன்னாம ஊர் சுத்திக்கினு இருந்தான். இன்னா ஆனான் பாரு."

"யாரும் சோறு போடலியா அத்தை?"

"கேட்டுதான் இருப்பான். இவன் பேசுற பாஷ நம்மாளுங்க எவனுக்குப் புரிஞ்சிருக்கப் போவுது? பாவம்" என்றாள். எனக்கு அன்று முழுக்க அந்த ஒல்லாந்தனை நினைத்து வருத்தமாக இருந்தது.

இனி அது நடந்த மே மாதத்துக்கு வருகிறேன். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் நினைத்த நாளில், நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இன்ன நாள், இன்ன குடும்பம், இன்ன இடம் என்று ஊரே சேர்ந்து முறை வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். நம் பாடு வருகிற அன்று வலையில் விழுவதுதான் அடுத்த பாடு வரைக்கும் வீட்டுக்கு அரிசி. அந்த வருஷம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்ணடைத்துப் போய், இறால் உள்ளே வருவது ரொம்பக் குறைந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு பாடு வீணாகப் போயிருந்தது. பள்ளிக்கூடம் இருந்தால் மத்தியானத்துக்கு அங்கே சாப்பிட்டுவிடுவோம். அதற்கும் லீவு. காலையில் கஞ்சி, சாயங்காலம் அந்தக் கஞ்சியின் மிச்சம்.

அத்தை இறால் கொட்டகைக்கு வேலைக்குப் போவாள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் வண்டி வருவதற்குள், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறாலின் தலையைக் கிள்ளி எடுக்க வேண்டும். உடம்பு ஐஸ் பெட்டிக்குப் போகும். தலைகளை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூள் போட்டு வறுத்த இறால் தலைகள்தான் எங்களுக்குத் திருவிழா. ஒவ்வொன்றையும் உறிஞ்சி, கடித்து, கடைசி ஓட்டையும் மென்று துப்புவோம். ஏரியில் பிடிப்பது நைனா, கிள்ளுவது அத்தை. என்றாலும் ஒரு முழு இறாலை நானும் தங்கச்சியும் அதுவரை தின்றதில்லை.

எங்கள் அடுத்த பாடு வருவதற்கு முந்தின நாள்தான் தங்கச்சி ஒன்று கேட்டாள். விரலைச் சூப்பிக்கொண்டே, "அத்தை, தலையே இவ்ளோ ருசியா கீதே, ஒடம்பு எப்டி இருக்கும்?"

"கம்பெனிக்காரனப் போயி கேளு" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அத்தை அன்று சிரிக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அல்லது பின்னால் நடந்ததை வைத்து நானே அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

அன்று சாயங்காலம் அத்தை நகப்பூச்சு போட்டுக்கொண்டாள். என் சுண்டுவிரலுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். கொட்டகைக்குள் வளையல், பூ, பவுடர், நகப்பூச்சு எதுவும் கூடாது. அது அத்தைக்குத் தெரியாததல்ல. ஆசைக்கு இரவில் போட்டுக்கொண்டு, காலையில் போகும் முன் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவாள். எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் விடியும்போதே நைனா திரும்பிவிட்டார். எங்கள் பாடு. ரொம்ப நாளைக்குப் பிறகு கூடை நிறைந்திருந்தது. வெள்ளை இறால், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். நைனா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். "சீக்கிரம் வாடி, வண்டி வந்துடப் போவுது" என்று அத்தையை எழுப்பினாள் அம்மா. அத்தை முகம்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினாள். அந்த அவசரத்தில் பிளேடு எங்கே நினைவிருக்கும்? அத்தையை அறிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கொட்டகையில் அத்தை முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்த இறாலுக்குத் தலை கிள்ளினாள். கம்பெனி ஏஜென்ட் அதைக் கிளறிப் பார்த்து ஐஸ் பெட்டிக்கு அனுப்பினார். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு எங்கள் கூடை. தட்டில் கையை விட்டவர், விரல் நுனியில் எதையோ ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமா இது?"

"செதிலுண்ணே" என்றாள் அத்தை.

"இறாலுக்கு ஏதும்மா செதிலு? அதுவும் செவப்பு கலர்ல?"

கொட்டகையே சிரித்தது. நானும் வாசலில் நின்று சிரித்தேன். ஏஜென்ட் மட்டும் சிரிக்காமல், "கையக் காட்டு" என்றார். அத்தையின் இரண்டு கட்டைவிரல் நகங்களிலும் சிவப்பு பாதி உரிந்திருந்தது. "ஒரு துண்டு பெட்டில போயி மாட்டிச்சின்னா என் வேல பூடும். இந்த சரக்கு வேணாம். நீயும் நாளையிலேந்து வராத."

நைனா கெஞ்சிப் பார்த்தார். வண்டி கிளம்பிவிட்டது. காலை ஏலமும் முடிந்துவிட்டது. தலை கிள்ளிய இறாலை எங்கள் ஊரில் கேட்டு வாங்குவோர் யாருமில்லை. பழைய சரக்கோ என்று சந்தேகப்படுவார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எங்களிடம் ஐஸ் இல்லை.

"ஏன்டி, இன்னைக்கின்னு பாத்தா ஒனக்கு இந்தப் பேஜாரு புடிச்சிது?" என்று நைனா மணலில் குந்திக்கொண்டு கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

"மறந்துட்டேண்ணே."

"மூஞ்சில பூசுறத மட்டும் மறக்க மாட்டா" என்றாள் அம்மா.

கொஞ்சத்தை உப்புப் போட்டுக் காயவைத்தாள் அம்மா. மீதியை என்ன செய்வது? கடன் வாங்கின எண்ணெயும் மசாலாவும் போட்டுப் பெரிய சட்டியில் ஏற்றினாள். தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வாசனை பிடித்து வந்துவிட்டார்கள். "வர்றதுங்கள வரச் சொல்லு, இனிமே இத வெச்சிக்கினு இன்னா பண்றது" என்றார் நைனா.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. முதல் இறாலைக் கடித்தபோது அது பல்லுக்குக் கீழே லேசாகத் திமிறி, பிறகு இனிப்பாக உடைந்தது. தங்கச்சி ஒன்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு விழுங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு நான் எத்தனையோ இடங்களில் இறால் சாப்பிட்டிருக்கிறேன். அதில் ஒன்றும் அந்த ருசிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அத்தைதான் பரிமாறினாள். அழுது மை வழிந்திருந்த முகத்தைக் கழுவிவிட்டு, தீக்குச்சியை எடுத்து லிப்ஸ்டிக் வேறு பூசிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "இங்க குடி முழுகிக் கெடக்குது, இவளுக்கு சிங்காரம்!" அத்தை என் தட்டில் இன்னும் நாலு இறாலை வைத்தாள். தன் தட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். எழுந்தாள், போட்டாள், மறுபடி உட்கார்ந்தாள். எல்லோரும் கை கழுவினோம். எங்கள் வாயெல்லாம் எண்ணெயும் மசாலாவும். அத்தையின் உதட்டில் மட்டும் அந்தச் சிவப்பு ஓரம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

"பாரு, அத்தை எவ்ளோ அழகா துன்றாங்க. ஒதட்டுல படவேயில்ல" என்று தங்கச்சியிடம் காட்டினேன்.

அடுத்த பாடு வரைக்கும் அத்தை தினமும் லிப்ஸ்டிக் போட்டாள். நைனா வேறு ஒருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கஞ்சி இன்னும் தண்ணீராகியிருந்தது. அம்மா தட்டை நீட்டினால், "இப்பதான் போட்டேன் அண்ணி, அழிஞ்சிடும். பசங்களுக்குப் போடு, நான் அப்பறம் துன்றேன்" என்பாள். "சினிமாக்காரின்னு நெனப்பு" என்று அம்மா முணுமுணுப்பாள். அத்தைக்கு யாரோ மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அலங்காரம் என்று நானும் தங்கச்சியும் பேசிக்கொண்டோம். உதட்டில் படாமல் கஞ்சி குடிப்பது எப்படி என்று நான் பழகிப்பார்த்தேன். சட்டையெல்லாம் சிந்திக்கொண்டேன்.

அத்தை அழகாகச் சாப்பிடவில்லை, சாப்பிடவே இல்லை என்பது எனக்குப் பல வருஷம் புரியவில்லை. நான் ஒரு மகளைப் பெற்று, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் சட்டென்று புரிந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நான் திட்டிக்கினே இருந்தேனே" என்றாள்.

ஆனாலும் அந்த முதல் நாள் விஷயம் எனக்குச் சிக்கலாகவே இருக்கிறது. அன்று சட்டி நிறைய இருந்தது. தெருவே தின்றது. அத்தை மட்டும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மறந்து செய்த தப்புக்கு வெட்கப்பட்டுத் தொடாமல் இருந்தாளா? எங்களுக்காகத் தெரிந்தே செய்துவிட்டு, அதில் தனக்குப் பங்கு கூடாது என்று இருந்தாளா? இரண்டுமே அத்தை செய்யக்கூடியதுதான்.

பின்னால் அவளைச் சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. போன மாதம் அத்தையை நான் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். சர்க்கரை இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் இரண்டு முறை தலைசுற்றி விழுந்துவிட்டாள். கேட்டால், "துன்னேனே, நீ பாக்கல" என்கிறாள். தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. சட்டியில் சோறு குறைந்திருக்கிறது. நேற்று என் மகள் சொன்னாள், அத்தைப்பாட்டி தினமும் காக்காய்களுக்கு நிறையச் சோறு வைக்கிறார்களாம்.

எங்கள் வீட்டில் இப்போது அரிசிக்குக் குறையில்லை. அதை அவளிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், "ஓவரா கவலப்படாத, பசிச்சா சாப்பிடுவாங்க" என்கிறார். எதிரே உட்கார்ந்து பார்த்தால் அவளுக்கு அவமானமாகிவிடுமோ, பார்க்காமல் விட்டால் விழுந்துவிடுவாளோ என்று எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஒருவேளை நான் பார்த்துக்கொள்கிற விதமே தப்போ? தன் பங்கை யாருக்காவது கொடுத்துக்கொடுத்தே பழகிவிட்ட ஒருத்தியை, மனம் நோகாமல் சாப்பிட வைப்பது எப்படி? உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது, உள்ளே அத்தை தட்டை எடுக்கும் சத்தம் கேட்கிறது.